டிசைனர் வேலை என்றால் என்ன? லேபிள் அடிக்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் குழுக்கள் செய்யும் ஊறுகாய், மசாலாப் பொடி, சிறுதானிய மாவு, சத்துமாவு எதிலும் தரத்துக்குக் குறை கிடையாது. ஆனால் சென்னைக்கு விற்பனைக் கண்காட்சிக்குப் போய் வந்த சகோதரிகள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "சாப்பிட்டுப் பார்த்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துட்டு வச்சுட்டுப் போயிடறாங்க."

பாக்கெட்டில் என்ன இல்லை? அதை யார் செய்து தருவார்கள்? எவ்வளவு கேட்பார்கள்? கேட்கிற காசு நியாயமா? இந்தக் கேள்விகள் கூட்டமைப்புக் கூட்டங்களில் பலமுறை வந்துவிட்டன. அதனால் இந்த இதழில் டிசைனர் வேலையைப் பற்றி எழுதுகிறோம். குறிப்பாக, கம்பெனியில் சம்பளத்துக்குப் போகாமல், வீட்டிலிருந்தே கணினி வைத்து லேபிள், நோட்டீஸ், இணையதளம் செய்து கொடுக்கிற டிசைனர்களின் வேலை. சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெண்களும் கணிசமாக உண்டு.

ஏன் அந்தப் பகுதிகள்?

நம் பொருள் போகிற வழியும் அதுதான். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. அதன் அன்னை தெரசா மகளிர் வளாகம் நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் இருக்கிறது. சுய உதவிக் குழுக்களின் விற்பனைக் கண்காட்சிகள் அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து தி.நகர் கூப்பிடு தூரம்.

இந்தப் பகுதி டிசைனர்களுக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி. அதற்கு அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல். பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் விழா. அதற்கு வாழ்த்து பேனர், அன்னதான நோட்டீஸ். ஆடி வந்தால் தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் தள்ளுபடி விளம்பரம். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை. பிறகு தீபாவளிப் பலகாரப் பெட்டி. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. இதற்கிடையில் டியூஷன் சென்டர், தையல் கடை, மெஸ், பல் மருத்துவர் என்று சின்னச் சின்ன வேலைகள்.

நம் குழுவின் லேபிளும் அவர்களுக்கு அப்படி ஒரு சின்ன வேலைதான். சின்ன வேலை என்பதால் அவசரத்தில் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு நாள் வேலை எப்படிப் போகிறது?

நாம் நினைப்பது என்ன? கணினி முன்னால் உட்கார்ந்து, படத்தை ஒட்டி, பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது. "நாலு எழுத்து டைப் பண்ணிக் கொடுக்க இவ்வளவா?" என்று கேட்டும் விடுகிறோம்.

உண்மையில் படம் போடுவது பாதி நேரம்கூட இருக்காது. காலையில் வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் முதல் வேலை, முந்தின நாள் அனுப்பிய மாதிரிக்கு யார் யார் என்ன திருத்தம் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒருத்தர் வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பார். இன்னொருத்தர் குரல் பதிவு அனுப்பியிருப்பார். மூன்றாவது ஆள் போனில் சொல்லுவார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு திருத்த வேண்டும். பிறகு புதிதாக வேலை கேட்பவர்களுக்கு விலை சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் அச்சகத்துக்குப் போய்த் தாளையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் அச்சகங்கள் அதிகம். சாயங்காலம், போன மாத வேலைக்குப் பணம் தராதவர்களுக்கு நினைவூட்டல். ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் நிஜமான வடிவமைப்பு வேலை ஓடும்.

நம்மில் தையல் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அளவெடுப்பதும், துணி வாங்குவதும், பிரித்துத் தைப்பதும் கூலியில் தெரியாது. தைத்த ரவிக்கை மட்டும்தான் தெரியும்.

கேட்கிற காசு நியாயமா? ஒரு கணக்கு

ஒரு டிசைனர் சகோதரிக்கு மாதம் வீட்டுச் செலவுக்கு 15,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், இன்டர்நெட், மென்பொருள் வாடகை 3,000. கணினி பழுதானால் மாற்ற மாதாமாதம் எடுத்து வைப்பது 2,000. மொத்தம் 20,000.

மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். இதில் போன், அலைச்சல், திருத்தம், பணம் வசூல் எல்லாம் போக, காசு வரும் வேலைக்குக் கிடைப்பது 100 மணி நேரம் என்று வைப்போம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய் வந்தால்தான் அவர் குடும்பம் ஓடும். ஒரு லேபிளுக்கு 10 மணி நேரம் ஆனால் 2,000 ரூபாய்.

இது உதாரணக் கணக்கு. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாம் சரியாகத் தயார் செய்யாமல் போய், மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டால் இன்னும் 5 மணி நேரம் போகும். அந்த 1,000 ரூபாயை ஒன்று அவர் இழப்பார், இல்லை நாம் கொடுப்போம். இதனால்தான் நல்ல டிசைனர்கள், "இத்தனை தடவைதான் திருத்தம், அதுக்கு மேல தனிக் காசு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பதும் இதற்காகத்தான். அது தப்பில்லை. ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள்.

போகும் முன் நாம் கையில் வைத்திருக்க வேண்டியவை

1. எழுதிய தாள். லேபிளில் வரவேண்டிய எல்லா எழுத்தையும் குழுவில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதுங்கள். வாயால் சொல்லாதீர்கள். உணவுப் பொருளுக்குப் பின்வருபவை முக்கியம்: பொருளின் பெயர், சேர்மானங்கள் (எது அதிகமோ அது முதலில்), ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரிப்பவரின் பெயர், முழு முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறை சின்னமும் 14 இலக்கப் பதிவு எண்ணும், பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவப் பொருள் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். வேர்க்கடலை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமை தரும் பொருள் சேர்ந்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். எழுத்தின் குறைந்தபட்ச உயரத்துக்கும் விதி உண்டு.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: உணவு லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் போட்டால் போதாது. நம் வாடிக்கையாளர் தமிழ் படிப்பவர் என்பதால் இரண்டிலும் போடுவதே நல்லது. டிசைனருக்கு இந்த விதிகள் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எழுதிய தாளை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டி, சரியா என்று கேட்ட பிறகு டிசைனரிடம் போங்கள்.

2. அளவு. நாம் அடைக்கிற பாட்டிலையோ கவரையோ கையோடு எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் ஒரு தாள் கீற்றைப் பாட்டிலைச் சுற்றி ஒட்டிப் பார்த்து, வெட்டி, அளந்து எழுதுங்கள்.

3. போட்டோ. பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்புங்கள். அச்சுக்கு ஒரு அங்குலத்தில் 300 புள்ளி இருக்கும் படம் வேண்டும். போன் திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் மங்கிப்போவது இதனால்தான்.

4. யார் பேசுவது? குழுவிலிருந்து ஒரே ஒருவர்தான் டிசைனரிடம் பேச வேண்டும். ஊக்குநர் ஒன்று, பிரதிநிதி ஒன்று சொன்னால் வேலை நடக்காது. யார் அந்த ஒருவர் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடச் சொல்லாதீர்கள். அதற்குச் சொந்தக்காரர் இருப்பார். அதேபோல், "அரசாங்கம் மாதிரி இருக்கட்டும்" என்று அசோகச் சின்னமான சிங்க முகத்தை லேபிளில் போடக் கூடாது. அதைத் தடை செய்து 2005இல் தனிச் சட்டமே இருக்கிறது.

தமிழ் எழுத்து ஏன் கட்டம் கட்டமாக மாறுகிறது?

நாம் போனில் அழகாகத் தமிழில் டைப் செய்து அனுப்புவோம். டிசைனர் கணினியில் அது கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ வரும். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடுவோம். காரணம் வேறு.

கணினியில் தமிழ் வந்த காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. ஒரு ஃபாண்டில் அடித்ததை இன்னொரு ஃபாண்டில் திறந்தால் புரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில், ஒரே மாதிரி விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். தமிழ்99 விசைப்பலகை வந்தது அதில்தான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. இன்று நம் போன்கள் எல்லாம் யூனிகோடு. ஆனால் பல டி.டி.பி. மையங்களிலும் அச்சகங்களிலும் பழைய பாமினி, வானவில் மாதிரியான ஃபாண்டுகளும், 2001உடன் புதிய பதிப்பு நின்றுபோன பேஜ்மேக்கரும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யூனிகோடு எழுத்தை அதில் ஒட்டினால் உடைந்துபோகும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. ஆனால் மாற்றும்போது ஒன்றிரண்டு எழுத்து விழுந்துவிடும்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, டைப் செய்த எழுத்தோடு அதே விஷயத்தைத் தாளில் எழுதி போட்டோ எடுத்தும் அனுப்புங்கள், அவர் ஒப்பிட்டுக்கொள்வார். இரண்டு, "யூனிகோடு ஃபாண்டில் செய்வீங்களா?" என்று கேளுங்கள். மீரா இனிமை, முக்தா மலர், கட்டுமரத்தின் பெயரை வைத்த கேட்டமரான் போன்ற யூனிகோடு தமிழ் ஃபாண்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

புரூஃப் பார்ப்பது நம் வேலை

அச்சுக்குப் போகும் முன் டிசைனர் மாதிரி அனுப்புவார். இதைத்தான் புரூஃப் என்கிறோம். பலரும் இதைப் பார்த்து, "நல்லா இருக்கு தம்பி, போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பதிவு எண்ணில் ஒரு இலக்கம் மாறி 5,000 லேபிள் அடித்துவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் குப்பைதான். அதற்குப் போட்டது உள்கடன் பணம். வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

புரூஃபை இப்படிப் பாருங்கள்:

- போன் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். நிஜ அளவில் ஒரு பிரதி எடுத்து, வெட்டி, பாட்டிலில் ஒட்டுங்கள். கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.
- மூன்று பேர் பாருங்கள். பொருளைச் செய்பவர் சேர்மானத்தைப் பார்க்கட்டும். கணக்கு எழுதுபவர் எண்களைப் பார்க்கட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று சத்தமாகப் படிக்கட்டும்.
- 14 இலக்க எண்ணைச் சான்றிதழை வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்ல ஒருவர் பார்க்க, ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள்.
- லேபிளில் இருக்கும் தொலைபேசி எண்ணைப் பார்த்து உங்கள் போனில் அழுத்துங்கள். மணி நம் குழு போனில் அடிக்கிறதா?
- சரியாக இருந்தால், அந்தத் தாளிலேயே "அச்சுக்குச் சரி" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு தப்பு கண்டுபிடித்தால் பொறுப்பு நம்முடையது. அச்சகம் அதை மாற்றியிருந்தால் பொறுப்பு அவர்களுடையது. பேச்சுக்கு இடமில்லை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் அடிக்கிறது. அதனால் திரையில் தெரிகிற பளீர் பச்சை தாளில் அப்படியே வராது. தாளில் எடுத்த மாதிரியைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேதி, பேட்ச் எண், விலை மூன்றையும் அச்சில் சேர்க்காமல் வெற்றுக் கட்டம் விடச் சொல்லுங்கள். பிறகு நாமே முத்திரை வைத்துக்கொள்ளலாம். மிளகாய் விலை ஏறினால் லேபிளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் தடவை 100, 200 மட்டும் டிஜிட்டல் முறையில் எடுங்கள். ஆஃப்செட்டில் தகடு போடும் செலவு இருப்பதால் நிறைய அடித்தால்தான் மலிவு. பொருள் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஆஃப்செட்டுக்குப் போகலாம்.

காசு கொடுத்தால் நம்முடையது ஆகிவிடுமா?

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். நாம் காசு கொடுத்து லோகோ செய்தோம், அதனால் அது நம்முடையது என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சேரும். ஆனால் சுயமாக வேலை செய்கிற டிசைனர் வரைந்த லோகோவின் உரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். உரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

டிசைனர்கள் ஏமாற்றுவார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் கேட்டால் எழுதித் தருவார்கள். அவர் ஊர் மாறிப் போனாலோ, வேலையை விட்டுவிட்டாலோ நம் தொழில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான். கடைசித் தவணைப் பணம் கொடுக்கும்போது இப்படி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்:

"............ கூட்டமைப்புக்காக நான் வடிவமைத்த ............ லேபிள், லோகோ ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும், பேசிய தொகை ரூ. ............ பெற்றுக்கொண்டு, பதிப்புரிமை உள்ள காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும், கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுக்கிறேன். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், அச்சுக்கான பி.டி.எஃப். கோப்பையும் ஒப்படைத்துவிட்டேன். தேதி, கையெழுத்து."

இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. கோப்பைப் பென் டிரைவில் வாங்கிப் பதிவேடுகளோடு வையுங்கள். பி.டி.எஃப். மட்டும் போதாது. மூலக் கோப்பு இருந்தால்தான் வேறு டிசைனரிடம் போய் எடையை, விலையை மாற்ற முடியும். மூலக் கோப்புக்குச் சிலர் தனிக் காசு கேட்பார்கள். அதனால் விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பிராண்டு பெயர் நன்றாக ஓடுகிறது என்றால் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு செய்யலாம். ஒரு தடவை பதிந்தால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். இதற்கான சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

இணையதளம் வேண்டுமா?

தனிக் குழுவுக்கு உடனே தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் இலவசமாகப் போடலாம். கூட்டமைப்பு அளவில் பல குழுக்களின் பொருளைச் சேர்த்து விற்கும்போது இணையதளம் உதவும்.

இணையதளத்துக்கு இரண்டு வாடகை. டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது கடை இருக்கும் இடம். இரண்டுக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வருஷா வருஷம், பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும். வேறு யாராவது அதை வாங்கிவிடலாம். நம் நாட்டின் ".இன்" பெயர்களை 2005லிருந்து பொதுமக்கள் எல்லாரும் எளிதாக வாங்க முடிகிறது. யார் பெயரில் வாங்கியிருக்கிறதோ அவர்தான் அதை ஆளுவார். டிசைனர் உதவிக்காகத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் வாங்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பிறகு அவர் போன் எடுக்காவிட்டால் நம் கடைக்கு நாமே நுழைய முடியாது.

ஆகவே டொமைன் கூட்டமைப்பின் பெயரில், கூட்டமைப்பின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஓ.டி.பி. வருகிற போன் எண் ஒரு தனி ஆளுடையதாக இல்லாமல் கூட்டமைப்பின் எண்ணாக இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். நம் பொறுப்பாளர்கள் சுழற்சி முறையில் மாறுகிறார்கள் இல்லையா? பொறுப்பு மாறும் நாளில் சாவி, பாஸ்புக், சீல் ஒப்படைப்பதோடு பாஸ்வேர்டு உறையும் ஒப்படைத்தோம் என்று தீர்மானத்தில் எழுத வேண்டும். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடவும் வேண்டும்.

கோப்புகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் பெய்த மழையில் அடையாறு பொங்கி, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டில் கணினி வைத்து வேலை செய்கிறவருக்கு, தண்ணீரில் கணினி போனால் வருஷக்கணக்கான வேலையும் அதோடு போகும். கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று பிரதி வைப்பதுதான் பாதுகாப்பு. நமக்கும் அதே விதிதான்.

நம் பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

படிக்கப் பெரிய செலவு வேண்டும் என்பதில்லை. இங்க்ஸ்கேப், ஜிம்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். கேன்வாவிலும் இலவசமாகப் பழகலாம். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அங்கே கணினி, டி.டி.பி. பயிற்சி எப்போது நடக்கும் என்று விசாரியுங்கள். பட்டப் படிப்பாகவே படிக்க ஆசைப்பட்டால், 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்ற பிரிவே உண்டு.

முதல் ஐந்து மாதிரி வேலைகளை நம் குழுப் பொருள்களுக்கே செய்யட்டும். காட்டுவதற்குக் கையில் வேலை இருந்தால்தான் வெளியார் நம்புவார்கள். தமிழைப் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும். நல்ல தமிழும் தெரிந்து கணினியும் தெரிந்தவருக்கு மதிப்பு தனி. இலவசமாகச் செய்து கொடுக்கும் பழக்கம் வேண்டாம். சொந்தக்காரர் கேட்டாலும் முன்பணம் வாங்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பார்த்தால் கண்ணுக்கு நல்லது.

மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி பணம் வராது. மார்கழியில் நிறைய வரும், இன்னொரு மாதம் ஒன்றும் வராது. நம் சேமிப்புப் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். வரும் மாதத்தில் எடுத்து வைத்தால் வராத மாதத்தில் கடன் வாங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே டிசைன் வேலை, டைப்பிங் வேலை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று போனில் செய்தி வந்தால் கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர் நமக்குத்தான் காசு தர வேண்டும். நாம் அவருக்குத் தருவது எந்த ஊர் நியாயம்? ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு உண்டு.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

- நம் லேபிள் ஒன்றை நடுவில் வைத்து, மேலே சொன்ன விவரங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள்.
- நம் லோகோவின் மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது? உரிமைக் கடிதம் இருக்கிறதா?
- கூட்டமைப்புக்கு இணையதளம் இருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது? அடுத்த தவணை எந்தத் தேதி?
- டிசைனரிடம் பேச ஒருவரையும், புரூஃப் பார்க்க மூன்று பேரையும் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் எழுதுங்கள்.

பதில் தெரியாத கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஊருக்கு வரும்போது நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். வங்கிப் பாஸ்புக்கை யார் கையிலும் கொடுத்துவிட்டு நாம் வருவதில்லை. நம் பொருளின் பெயரும் அதே மாதிரி ஒரு சொத்துதான், அதன் கோப்பும் கடிதமும் பாஸ்வேர்டும் சங்கத்துப் பெட்டியில் இருக்கட்டும்.